தல பக்தியும் தர்மகர்த்தாக்களும்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போய்விட்டு அம்மா திரும்பி வந்தபோது நானும் சித்தப்பா பையனும் டிவி முன்னால் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரும் ஆடி சிஎஸ்கே எடுத்தது 103. அதை அவர்கள் 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டார்கள். அம்மா ஸ்கோரை ஒரு பார்வை பார்த்தார். "கரண்ட் பில்லாவது மிச்சமாகட்டும், அணைச்சிட்டு சாப்பிட வாங்க" என்றார்.

மறுநாள் பௌர்ணமி. ராத்திரி அவனும் நானும் கிரிவலம் கிளம்பினோம். அவன் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். முதுகில் 7 போட்ட மஞ்சள் ஜெர்சியோடுதான் மலை சுற்ற வந்தான். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால், லட்சக்கணக்கான ஜனம். அக்னி லிங்கத்தில் திட்ட ஆரம்பித்த நான் எம லிங்கம் தாண்டியும் நிறுத்தவில்லை. ஏலத்தைத் திட்டினேன், டீம் செலக்‌ஷனைத் திட்டினேன், ஓனரைத் திட்டினேன். நிருதி லிங்கம் பக்கத்தில் அவன் நின்றுவிட்டான்.

"ணா, நீ இன்னா மும்பை ஃபேனா மாறிட்டியா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே மனசு உடைந்து கேட்டான். அவனுக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்.

அவன் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நேசிப்பவன் கேள்வி கேட்கமாட்டான், கேட்பவன் எதிரணி ஆள் என்பதுதான் அது. சிஎஸ்கே ரசிகர் உலகம் முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் திருவண்ணாமலையில் பிறந்த ஒருத்தன் இதை எப்படி நம்புகிறான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 2002இல் நம் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஊரே எதிர்த்து நின்றது. விஷயம் உச்சநீதிமன்றம் வரை போய், கடைசியில் துறை பின்வாங்கியது. போராடியவர்களில் யாரையும் பார்த்து "உனக்குச் சாமி மேல பக்தி இல்லையா" என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி இருந்ததால்தான் போராடினார்கள். சாமி வேறு, நிர்வாகம் வேறு என்று இந்த ஊரில் பூ விற்கும் பாட்டிக்குக்கூடத் தெரியும். க்யூ சரியில்லை, குடிதண்ணீர் இல்லை, கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆளில்லை என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே "அரோகரா" சொல்லத் தெரிந்த ஊர் இது.

கிரிக்கெட்டுக்கு வந்தால் மட்டும் சாமியையும் தர்மகர்த்தாவையும் ஒரே பீடத்தில் ஏற்றிக் கும்பிடுகிறோம்.

தர்மகர்த்தாக்களின் கதையை ஒருமுறை கோர்வையாகச் சொல்லிப் பார்க்கலாம். இருபது வயதுக்காரர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. 2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் 91 மில்லியன் டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. அந்த நிறுவனத்தை நடத்திய என். சீனிவாசன் அப்போது பிசிசிஐ பொருளாளர். வாரிய நிர்வாகி வாரியத்தின் போட்டிகளில் வணிக லாபம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. அதே ஆண்டு அந்த விதியைத் திருத்தி ஐபிஎல்லுக்கு விலக்கு கொடுத்தார்கள். அவர் செயலாளர் ஆனார், 2011இல் தலைவரும் ஆனார். மேட்ச் நடத்துகிறவரும் மேட்ச் ஆடுகிற அணியின் முதலாளியும் ஒரே ஆள். தெருவில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடத்தினால்கூட இதற்குச் சண்டை வந்திருக்கும்.

2013 மே மாதம் அவருடைய மருமகன் குருநாத் மெய்யப்பன் சூதாட்ட வழக்கில் கைதானார். அதுவரை அணியின் முகமாக டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்தவர், ஒரே ராத்திரியில் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் ஆகிப்போனார். 2015 ஜனவரி 22 அன்று உச்சநீதிமன்றம் அவர் பந்தயம் கட்டியது உண்மை என்றது. அந்த விதித் திருத்தத்தையும் செல்லாது என்றது. சீனிவாசன் விஷயத்தை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜூலை 14 அன்று லோதா கமிட்டி மருமகனுக்கு ஆயுள் தடையும், சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு ஆண்டு தடையும் விதித்தது.

அந்த இரண்டு வருஷம் நாம் என்ன செய்தோம்? சதி என்றோம். மும்பை லாபி என்றோம். நானும்தான். பெங்களூரில் பிஜி ரூமில் உட்கார்ந்து "தமிழன் ஜெயிச்சா பொறுக்காது" என்று நாலு பக்கம் எழுதினேன், இன்று அதை நினைத்தால் கூசுகிறது. நம் அணி இரண்டு வருஷம் ஆடாமல் போனதற்குக் காரணம் நம் அணியின் நிர்வாகம். இவ்வளவு எளிய வாக்கியத்தை ஒரு ரசிகர் மன்றமும் எழுதவில்லை. 2018இல் அணி திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரயிலேறிப் போய் விசிலடித்தோம். கோப்பையும் ஜெயித்தோம். அழுதோம். அந்தக் கண்ணீரில் பழைய கணக்கு மொத்தமும் கரைந்துவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்காமலே நாம் மன்னித்துவிட்டோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. தமிழ்நாட்டு லீக் கிரிக்கெட்டில் பல அணிகளைத் தாங்கிப் பிடித்தது அந்த நிறுவனம். எத்தனையோ வீரர்களுக்குச் சம்பளமும் வேலையும் கொடுத்தது. ஒரே கேப்டன், ஒரே கோச் என்று பொறுமையாக அணியை வளர்த்ததும் ஐந்து கோப்பைகளும் நிஜம். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸரும் ஃபோரும் என் வாழ்நாள் சொத்து. ஆனால் நன்றிக்கடன் என்பது கேள்வி கேட்கும் உரிமையை அடகு வைப்பது ஆகாது.

இப்போது 2025க்கு வருவோம். மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் தோற்றோம். 2008க்குப் பிறகு அங்கே அவர்களிடம் முதல் தோல்வி. அன்று தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. அப்புறம் டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என்று கோட்டையில் வரிசையாக ஐந்து தோல்வி. 14 ஆட்டத்தில் 4 வெற்றி. முதல்முறையாகக் கடைசி இடம்.

எல்லா அணியும் ஒருநாள் விழும், உண்மைதான். ஆனால் இது திடீரென விழுந்த இடி இல்லை. 2020இல் ஏழாவது, 2022இல் ஒன்பதாவது, 2024இல் ஐந்தாவது, 2025இல் பத்தாவது. ஆறு வருஷத்தில் நாலு முறை பிளே-ஆஃப் இல்லை. நடுவில் வந்த இரண்டு கோப்பைகள் விரிசலுக்கு மேல் அடித்த சுண்ணாம்பு. 2022இல் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஜடேஜாவைக் கேப்டன் ஆக்கி, எட்டு ஆட்டத்தில் மறுபடி தோனியிடமே கொடுத்தார்கள். 2025இல் ருதுராஜ் காயமடைந்ததும் மறுபடி அதே கதை. தோனிக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு நிர்வாகத்திடம் இருந்த ஒரே பதில் தோனி.

ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். அந்த சீசனில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய சாய் சுதர்சன் சென்னைப் பையன். ஆடியது குஜராத்துக்கு. சாய் கிஷோரை 2020, 2021 இரண்டு வருஷம் மஞ்சள் ஜெர்சியில் உட்காரவைத்தார்கள், ஒரு மேட்ச் கொடுக்கவில்லை. அவரும் குஜராத் போய்த்தான் பந்து வீசினார். பாதி சீசனில் வேறு வழியில்லாமல் கூட்டி வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தபோது என் வயிறு எரிந்தது. இதை ஏலத்திலேயே யோசித்திருக்கலாமே!

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நடுராத்திரி சர்வர் படுத்துவிட்டால், சரிசெய்து முடித்த கையோடு ஓர் ஆவணம் எழுத வேண்டும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த முடிவால், திரும்ப நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறோம். யார் தலையையும் கொய்வதற்கு அல்ல. ஆனால் எழுதாமல் தப்பிக்க முடியாது, வாடிக்கையாளர் கேட்பார். சிஎஸ்கே கடைசி இடத்தில் படுத்தபோது நமக்குக் கிடைத்தது என்ன? வழக்கம்போல ஒரு கேள்விதான்: தல அடுத்த வருஷம் ஆடுவாரா? ஒரு சீசனின் தோல்வி முழுவதும் ஒரு மனிதரின் முழங்காலைப் பற்றிய வதந்தியாகச் சுருங்கிவிட்டது. நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான கேடயம் கிடையாது.

அந்தக் கேடயத்தைச் செய்து கொடுத்தவர்கள் நாம்தான். சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் கைதட்டும் மைதானம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஜடேஜா அவுட்டானால் தல வருவார் என்று ஆர்ப்பரித்தோம். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடக்கும் அந்த மனுஷனின் முகத்தை யாராவது பார்த்தோமா? 2025இல் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாயாக இருந்தது. அதைக் கொடுத்து உள்ளே போய், தோற்கிற ஆட்டத்தில் இரண்டு சிக்ஸர் பார்த்துவிட்டு "பைசா வசூல்" என்று திரும்பி வந்தால், ஜெயிக்கிற அணியை ஏன் கட்டுவார்கள்? அந்த ஒருத்தரை நிறுத்தி வைத்தால் போதுமே.

முதலாளிக்கு வலிப்பதே இல்லை என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. ஐபிஎல்லில் கடைசி இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கமாட்டார்கள். 2023 முதல் 2027 வரைக்குமான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. அதில் அணிகளுக்கான பங்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வந்துகொண்டே இருக்கும். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனது. 1946இல் தொடங்கி, திருநெல்வேலிக்குப் பக்கத்தில் சங்கர் நகரில் ஆலை கட்டி எழுந்த நிறுவனம் அது. குடும்பம் சிமெண்ட்டை விட்டது, கிரிக்கெட் அணியை விடவில்லை. எது பொன் முட்டையிடும் வாத்து என்று அவர்களுக்குத் தெரியும். நாம்தான் அதைக் குலதெய்வம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் ஓக்லாந்து ஏ'ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. மணிபால் படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளி நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்று, அணியைத் தரைமட்டமாக்கி, ஊரைவிட்டே கொண்டுபோக முடிவெடுத்தார். ரசிகர்கள் வெறுத்துப்போய் மைதானமே காலியாகக் கிடந்தது. 2023 ஜூன் 13 அன்று அவர்கள் புறக்கணிப்பைத் திருப்பிப் போட்டார்கள். 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து உட்கார்ந்து, "விற்றுவிடு" என்று எழுதிய பச்சைச் சட்டையோடு ஒரே குரலில் முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். கத்திக்கொண்டே அணிக்கும் கைதட்டினார்கள். அன்று ஏ'ஸ் ஜெயித்தது. ஆனாலும் 2024 முடிந்ததும் அணி ஊரைவிட்டுப் போய்விட்டது. அவர்கள் தோற்றார்கள்தான். ஆனால் அணி வேறு, முதலாளி வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டுத் தோற்றார்கள். நம் அணியை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. அவர்களைவிட நமக்குக் கேட்கச் சுலபம். இருந்தும் கேட்கவில்லை.

கேட்க நமக்கு என்ன உரிமை என்பவர்களுக்கு ஒரு தகவல். அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கு அதன் பங்குகள் கிடைத்தன. அந்த வழியில் எல்ஐசியும் பங்குதாரர் ஆனது. உங்கள் அப்பா மாசாமாசம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய பிரீமியம் எங்கேயோ ஒரு மூலையில் இந்த அணிக்குள்ளும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏலத்தில் எந்தக் கணக்கில் ஆள் எடுத்தீர்கள் என்று சீசன் முடிந்ததும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பையன்களைக் கண்டுபிடித்து ஆடவைக்க என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 2013க்கும் 2015க்கும் இடையில் நடந்ததற்கு, காலம் கடந்தாலும் பரவாயில்லை, ரசிகர்களிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். ரசிகர்களுக்கும் ஒன்று: நம் ஆள் அவுட்டானால் கைதட்டாதீர்கள்.

அன்று ஈசான்ய லிங்கம் வரும்போது விடிய இன்னும் நேரம் இருந்தது. அவன் கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், ரோட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, கல் குத்திக் கிழித்துவிட்டது, இதைக்கூடப் பார்க்கமாட்டார்களா என்று பொரிந்து தள்ளினான்.

"அப்ப அடுத்த பௌர்ணமிக்கு வரமாட்டியாடா?" என்றேன்.

"அது எப்டிணா வராம இருப்பேன்? நம்ம மலை ணா" என்றான்.

அதைத்தானேடா தம்பி நானும் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.