சிறுநீரில் புரதம்: புறக்கணிக்கத்தகாத எச்சரிக்கை

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரில், மணிக்கூண்டு நிற்கும் அபர்டீன் பஜாரில், நீரிழிவுடைய ஒருவரிடம் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என வினவினால் பெரும்பாலும் உடனே விடை கிடைக்கும். சிறுநீரில் புரதம் உண்டா என வினவினாலோ விடை கிடைப்பது அரிது. தீவுகளில் மட்டுமன்றி நாடெங்கும் காணப்படும் இக்குறை நீங்குதல் வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்தினின்று வடிக்கின்றன. அதில் 1 அல்லது 2 லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. ஆல்புமின் முதலிய புரதங்களை வடிகட்டியின் சுவர் தடுத்து நிறுத்துகிறது. தப்பி நழுவும் சிற்றளவை அடுத்துள்ள நுண்குழாய்கள் மீட்டுக்கொள்கின்றன. ஆதலின் நலமுடையோரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே காணப்படும்.

நெடுநாளைய நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அச்சுவரைச் சிதைக்க, ஆல்புமின் கசிகிறது. எலிக்காய்ச்சலோ நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும் பெரிதும் தாக்குகிறது. அந்தமானில் இந்நோய் இருத்தல் குறித்து டெய்லர், கோய்ல் என்போர் 1931-இலேயே ஆய்வேடு வெளியிட்டுள்ளனர். சேதமுறும் இடம் வேறாயினும், சிறுநீரில் புரதம் தோன்றுதல் இரண்டிற்கும் பொதுவாம்.

உடல் வீக்கம், புரதம் கலந்த சிறுநீர், சிறுநீரகச் சேதம் ஆகிய மூன்றையும் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் தொடர்புபடுத்திக் காட்டினார். அவர் காலத்தில் சிறுநீரைக் கரண்டியிலிட்டுக் காய்ச்சி, அது வெண்மையாகத் திரிகிறதா எனப் பார்த்தனர். இன்று ஒரு சோதனைத் தாள் நிறம் மாறிக் காட்டிவிடுகிறது. தாளுக்கு அகப்படாத சிற்றளவு ஆல்புமினை ஆய்வகம் அளந்து கூறுகிறது.

நோவும் வீக்கமும் இல்லாதபோது சோதனை எதற்கு எனச் சிலர் வினவுவர். சிறுநீர் நுரைத்துக் கால் வீங்கும் வரை காத்திருப்பின், சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும். தொடக்கத்திலேயே அறிந்தால், தக்க மருந்தாலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவதாலும் சிதைவின் வேகத்தைக் குறைக்கலாம். உயர் சிகிச்சைக்குக் கடல் கடந்து சென்னை செல்ல நேரக்கூடிய தீவு மக்களுக்கு இது சிறு நன்மையன்று.

புரதம் வெளியேறுகிறதே என்று அதனை மிகுதியாக உண்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் சிறிது காலம் புரதம் தோன்றக் கூடுமாதலின், ஒரு சோதனை கொண்டு அஞ்சாது, மீண்டும் சோதித்தல் முறை.

களப்பணியாளர்கள் சர்க்கரை அளவைக் குறிக்கும் ஏட்டிலேயே, சிறுநீர்ப் புரதத்திற்கும் ஆண்டுதோறும் ஒரு கட்டம் ஒதுக்குவார்களாக. ஆசிரியர்கள் இதன் காரணத்தை மாணவர் வாயிலாக இல்லந்தோறும் எட்டச் செய்வார்களாக.