கோடு போட்ட கைகள்

பதினைந்து வருடங்களாக, எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு தவறான பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பயிற்சியின் முதல் வாரத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ் வரலாறு என்று ஒரு மணி நேரம் உண்டு. அதில் 1982 என்று போட்டு, ‘டிரான்’ படத்தின் லைட் சைக்கிள் காட்சியை ஓடவிடுவோம். பைக்குகள் தங்கள் பின்னால் ஒளிச்சுவரை எழுப்பிக்கொண்டே பாயும். செங்கோணத்தில் திரும்பும். சுவரில் மோதிச் சிதறும். “கம்ப்யூட்டர் எடுத்த முதல் படம் இதுதான்” என்று ஒரு வரி சொல்வோம். அடுத்தது 1993, ‘ஜுராசிக் பார்க்’. டிரானுக்கு நாங்கள் கொடுத்த நேரம் மொத்தமாக மூன்று நிமிடம்.

அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் இது என் ஒருவனுடைய தவறு இல்லை. நாங்கள் எல்லோரும் அதைச் சொன்னோம், நம்பினோம். எங்களில் யாரும் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

நாங்கள் என்றால், சென்னையில் ரோட்டோவும் பெயின்ட்டும் செய்கிறவர்கள். இந்த வேலையை வெளியில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. படத்தில் நிற்கும் நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதற்காக அவருடைய ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். அடுத்த ஃபிரேமில் அவர் தோளை அசைத்திருப்பார், கோட்டையும் நகர்த்துவோம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். தலைமுடி காற்றில் பறக்கும் ஷாட் வந்தால் அந்த வாரம் அதோடு போய்விடும். அனுப்பி வைத்தால் “எட்ஜில் ஜிட்டர் இருக்கிறது”, அதாவது ஓரம் நடுங்குகிறது, என்று திரும்பி வரும். படம் உலகம் முழுக்க ஓடும். எங்கள் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. இருந்தால், தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைப் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவோம். இந்த மனக்குறையை டீக்கடையில் பேசாத நாட்கள் குறைவு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலிகிராமத்தில் எங்களில் மூத்தவர் வீட்டு ஹாலில் ஐந்து பேர் உட்கார்ந்து டிரானைப் பார்த்தோம். 2011-இல் வந்த ப்ளூ-ரே. எங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்த டிரான், வீடியோ கேசட்டில் பார்த்த டிரான். 65 மில்லிமீட்டர் நெகட்டிவில் 2.20-க்கு 1 என்ற அகல விகிதத்தில் எடுத்த படம் அது. பழைய டிவியின் சதுரத் திரையை நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் வெட்டினால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். நாங்கள் பார்த்தது மிச்சம் இருந்ததைத்தான். அதுவும் காப்பிக்குக் காப்பி எடுத்து நிறம் கரைந்துபோன கேசட்.

இப்போது பார்த்ததைச் சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. கறுப்பு என்றால் கிணற்றுக் கறுப்பு. அதன் நடுவே மனிதர்கள் நடக்கிறார்கள். முகங்கள் பழைய மௌனப்பட நடிகர்களின் முகம்போலச் சாம்பல் நிறத்தில், ஃபிலிமின் பொடிமணலோடு உயிர்த்திருக்கின்றன. தோளிலும் மார்பிலும் கைகளிலும் ஓடும் கோடுகள் மட்டும் நீலமாக எரிகின்றன. அந்த நீலம் ஓரத்தில் கொஞ்சம் கசிந்து காற்றில் பரவுகிறது. நாயகன் ஜெஃப் பிரிட்ஜஸ் தலையைத் திருப்பும்போது ஹெல்மெட்டின் கோடும் கூடத் திரும்புகிறது. கதை சில இடங்களில் தடுமாறும், உண்மைதான். ஆனால் இதற்கு முன்னும் பின்னும் இப்படித் தெரிகிற இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். எங்களில் இளையவள், வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆனவள், கேட்டாள்: “அண்ணா, பைக் சரி. இந்த ஆளுங்க மேல ஓடுற லைன் எல்லாம் யாரு ரோட்டோ பண்ணாங்க?”

“கம்ப்யூட்டர்தாம்மா” என்றார் மூத்தவர்.

“1982-ல ரோட்டோ பண்ற சாஃப்ட்வேர் ஏதுண்ணா?”

அவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. ஓரம் வெட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் எங்கள் கண்ணுக்கு முதல் ஃபிரேமிலேயே எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது.

பதில் வெகு தூரத்தில் இல்லை. எங்களில் ஒருவரிடம் 2002-இல் வந்த இருபதாம் ஆண்டு டிவிடியே இருந்தது, இரண்டு டிஸ்க். படம் எடுத்த கதையைச் சொல்லும் இரண்டாவது டிஸ்க்கை அவர் உறையிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை.

முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான காட்சிகளை எல்லாம் சேர்த்தால் 15 முதல் 20 நிமிடம்தான். படம் 96 நிமிடம். மேகி, டிரிபிள்-ஐ, ராபர்ட் ஏபல், டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் என்ற நான்கு நிறுவனங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டன. மற்ற காட்சிகளில் எரியும் மனிதர்களைச் செய்தது கை. நடிகர்களுக்கு வெள்ளை உடை போட்டு, அதன்மேல் கறுப்புக் கோடுகள் வரைந்தார்கள். கறுப்புத் துணி போர்த்திய அரங்கில் நிற்க வைத்து, கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் கோடாலித் என்ற பெரிய ஃபிலிம் தாளில் பெரிதாக்கி அச்சிட்டார்கள். நம் ஊர் ஆஃப்செட் அச்சகங்களில் பழைய ஆட்கள் லித் ஃபிலிம் என்பார்களே, அந்த வகை. நடுநிறம் இருக்காது, கறுப்பு அல்லது வெளிச்சம். இந்தப் படத்துக்காகக் கோடாக் அதைத் தனி அளவில் செய்து கொடுத்தது. ஒரே ஃபிரேமிலிருந்து முகத்துக்கு ஒரு தாள், கண்ணுக்கு ஒரு தாள், கோடுகளுக்கு ஒரு தாள் என்று பிரித்து, வேண்டாத இடத்தை எல்லாம் மை தடவி அடைத்தார்கள். அந்தத் தாள்களை விளக்கின்மேல் வைத்து, அடியில் வண்ண ஜெலட்டின் போட்டு, ஒரே ஃபிரேமைப் பலமுறை எக்ஸ்போஸ் செய்தார்கள். நாங்கள் வியந்த நீலக் கசிவு, தாளின் திறந்த இடைவெளி வழியாக மேலே வந்த உண்மையான விளக்கொளி.

இது ரோட்டோ. இது மேட், வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மறைப்பது. நாங்கள் மவுஸால் செய்வதை அவர்கள் தூரிகையால் செய்தார்கள். எங்களுக்கு அன்டூ இருக்கிறது. அவர்களுக்கு மை சிந்தினால் தாள் போயிற்று. ஒரு நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் பல தாள்கள். லாரி லாரியாகத் தாள் வந்திறங்கியது என்கிறார்கள். படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலையில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் 200 பேர் மை தீட்டியவர்களும் வண்ணம் தீட்டியவர்களும். அவர்கள் கலிஃபோர்னியாவில் இல்லை, தைவானில் இருந்தார்கள். குக்கூஸ் நெஸ்ட் என்ற ஸ்டுடியோ. அமெரிக்கக் கார்ட்டூன்களின் கடைசிக்கட்டக் கைவேலை, குறைந்த கூலிக்கு, அங்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. இன்று எங்களிடம் வருவதுபோல.

இதைக் கேட்டதும் ஹாலில் யாரும் பேசவில்லை. எங்கள் தொழிலின் தாத்தா பாட்டிகள் எங்கேயோ மேற்கில் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இருந்தது தைவானில், விளக்குமேசைக்கு மேல் குனிந்தபடி.

ஆஸ்கர் விஷயத்தில் எங்கள் தவறு இன்னும் பெரிது. டிரானுக்கு உடை வடிவமைப்பிலும் ஒலியிலும் பரிந்துரை கிடைத்தது. விஷுவல் எஃபெக்ட்ஸில் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று அகாடமி நினைத்ததாக இயக்குநர் ஸ்டீவன் லிஸ்பெர்கர் பின்னாளில் சொன்னார். அந்த வருடம் ‘ஈ.டி.’ வென்றது. ‘பிளேட் ரன்னர்’, ‘போல்டர்கைஸ்ட்’ பட்டியலில் இருந்தன. இந்தக் கதையை வகுப்பில் சொல்லி, அகாடமிக்கு அன்று கண் இல்லை என்று நாங்கள் முடிப்போம். ஆனால் அவர்கள் பார்க்கத் தவறியதை நாங்களும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்தான் செய்தது என்று அவர்கள் ஒதுக்கினார்கள், கம்ப்யூட்டர்தான் செய்தது என்று நாங்கள் போற்றினோம். தூரிகை பிடித்த 200 பேர் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

நாங்கள் வகுப்பில் ஓடவிட்ட அந்தப் பைக் காட்சியில்கூட, ஒரு மனிதன் நாள்முழுக்க உட்கார்ந்து எழுதியது இருக்கிறது. அன்றைய இயந்திரத்தில் பொருளைத் திரையில் பிடித்து இழுக்க முடியாது. அது எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண், எந்தப் பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கிறது என்பதற்கு மூன்று எண், ஆக ஃபிரேமுக்கு ஆறு எண். பில் க்ரோயர், ஜெர்ரி ரீஸ் போன்ற அனிமேட்டர்கள் அவற்றைத் தாளில் எழுதி அனுப்பினார்கள். நான்கு நொடி அசைவுக்கு ஏறக்குறைய 600 எண். இயந்திரம் அவற்றைப் படமாக்கிய பிறகுதான் பைக் சரியாகத் திரும்பியதா என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய பிரதிகளில் அந்த ஒளிக்கோடுகள் சில இடங்களில் மினுக்கும். கேசட்டிலும் டிவிடியிலும் பார்த்த நாங்கள் அதை மட்டமான வேலை என்று பயிற்சி மாணவர்களிடம் காட்டியிருக்கிறோம், “இதுதான் ஜிட்டர், நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்” என்று. காரணம் கையில் இல்லை. கோடாலித் தாளின் உணர்திறன் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். அதனால்தான் கோடாக் பெட்டிகளுக்கு வரிசை எண் போட்டு அனுப்பியது. அது எதற்கென்று படக்குழுவுக்கு முதலில் புரியவில்லை, பெட்டிகளை வரிசை மாற்றிப் பிரித்துவிட்டார்கள். தெரிந்த பிறகு ஒழுங்காக எடுத்தார்கள். அதற்குள் முடிந்துபோயிருந்த ஷாட்டுகளில், மினுங்கும் இடத்துக்குச் ‘சிர்ர்’ என்று ஒரு ஒலி சேர்த்து, படம் நடக்கும் கம்ப்யூட்டர் உலகமே தடுமாறுவதாகக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். 2011 ப்ளூ-ரேயில் லிஸ்பெர்கர் அந்த மினுக்கலையும் ஒலியையும் நீக்கிவிட்டார், தன் முதல் எண்ணத்தில் அது இல்லை என்று. அது அவர் உரிமை. என் மனம் மட்டும் பழைய டிவிடியை விடவில்லை. ஒரு பெட்டி முடிந்து இன்னொரு பெட்டி பிரிக்கப்பட்ட தடம் அதில் இருக்கிறது.

படம் முடிந்தது. பழக்கம், மூத்தவர் ரிமோட்டை எடுத்தார். இளையவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. ஆங்கிலப் பெயர்கள் நீளமாகப் போய், திடீரென்று திரை சீன எழுத்துகளால் நிறைந்தது. தைவான் கலைஞர்களின் பெயர்கள், அவர்களுடைய எழுத்திலேயே. ஹாலிவுட் படத்தில், 1982-இல். எங்கள் பெயர் தமிழில் வேண்டாம், ஆங்கிலத்திலாவது வரட்டும் என்று இத்தனை வருடம் ஏங்கியவர்கள் நாங்கள். எங்கள் முன்னோர் பெயர் அவர்கள் எழுத்தில் 40 வருடத்துக்கும் மேலாக அங்கேயே இருந்திருக்கிறது. கேசட் சுற்றிய காலத்திலும், டிவிடி ஓடிய காலத்திலும், ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறோம்.

அவள் படத்தை நிறுத்தினாள். போனைத் திரைக்கு நேராகப் பிடித்து, அதில் மொழிபெயர்ப்பைத் திறந்து, ஒவ்வொரு பெயராக வாசிக்கப் பார்த்தாள். போன் ஒரே எழுத்தை ஒருமுறை குடும்பப் பெயர் என்றது, அடுத்த முறை ஏதோ ஒரு சொல்லாகப் பொருள் சொன்னது. உச்சரிப்பு எங்களுக்கு வாயில் நிற்கவில்லை. மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். “மேலேருந்து ஆரம்பிம்மா, மெதுவா” என்றார். ஒருவர் பேனா தேடி எடுத்து வந்தார்.