"சர்வர் பிரச்சினை" என்பது பதில் அல்ல!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"சர்வர் பிரச்சினை சார், நாங்க என்ன பண்றது?" ஓய்வூதியர்களாகிய நாம் அலுவலகங்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். ஏதோ புயல், மழை போல நினைத்துக்கொண்டு நாமும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறோம். அப்படித் திரும்பக் கூடாது என்பதே என் வாதம்.

எங்கள் பகுதி அலுவலகம் ஒன்று (பெயர் வேண்டாம்) மருத்துவச் செலவுக் கோரிக்கைகளை மின்னஞ்சலில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று சொல்லி, கடைசி நாளும் குறித்தது. பலர் அனுப்பினோம். சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன. நேரில் போய்க் கேட்டால், "மெயில் ஐடி தப்பா அடிச்சிருப்பீங்க, வயசானவங்கதானே" என்றார்கள். என்னோடு வந்த எழுபது கடந்த தலைமையாசிரியை ஒருவர், தன் கண் பார்வைதான் காரணம் என்று நம்பித் தலைகுனிந்து நின்றார். என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

காரணம் திரும்பி வந்த அஞ்சலிலேயே எழுதியிருந்தது. அந்த அலுவலகப் பெயருக்கான 'எம்எக்ஸ்' தேடலுக்கு 'செர்வ்ஃபெயில்' என்று பதில் வந்ததாம். முகவரியில் ஆள் பெயரைத் தப்பாக அடித்தால் "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று 550 எண்ணோடு திரும்பும். @ குறிக்குப் பின்னால் உள்ள டொமைன் பெயரைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் 'என்எக்ஸ்டொமைன்', அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்று வரும். 'செர்வ்ஃபெயில்' என்றால் பெயர் விசாரணைக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை என்று பொருள். மற்ற இடங்களுக்கு நாங்கள் அனுப்பிய அஞ்சல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அப்படியானால் கோளாறு யார் பக்கம்?

டிஎன்எஸ் என்பது பெரிய மந்திரம் இல்லை. கணினிக்கு எண் தெரியும், மனிதனுக்குப் பெயர் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பதிவேடுதான் அது. ஆரம்பத்தில் இந்தப் பட்டியல் கலிபோர்னியாவில் ஒரே கோப்பாக இருந்தது. கணினிகள் பெருகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதைப் பலரும் பகிர்ந்து பராமரிக்கும் முறையாக மாற்றினார். அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் இவர்கள் கைகழுவுகிறார்கள்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவன். நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிக்கொடுத்தது இது:

1. 'என்எஸ்லுக்அப்' கட்டளையில் வகையை எம்எக்ஸ் என்று வைத்து அலுவலகப் பெயரைக் கேளுங்கள். அஞ்சலை எந்த சர்வர் வாங்கும் என்று பதில் வர வேண்டும்.

2. அதே கேள்வியை வெளியே, கூகுளின் 8.8.8.8 இடம் கேளுங்கள். உள்ளே பதில் வந்து வெளியே வராவிட்டால் பொதுப் பதிவில் கோளாறு. வெளியே வந்து உள்ளே வராவிட்டால் அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வரையும், ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டையும் பாருங்கள்.

3. எம்எக்ஸ் ஒரு பெயரைத்தான் காட்ட வேண்டும், எண்ணை அல்ல. அந்தப் பெயருக்குச் சரியான ஐபி எண் இருக்கிறதா?

4. போகும் அஞ்சல்கள் மறுக்கப்பட்டால், எண்ணைக் கேட்டுப் பெயரைத் தரும் 'பிடிஆர்' பதிவைப் பாருங்கள். அது இல்லாத சர்வரின் அஞ்சலை ஜிமெயில் போன்றவை ஏற்பதில்லை.

பதிவைத் திருத்தினாலும் 'டிடிஎல்' நேரம் முடியும்வரை பழைய பதிலே சுற்றிக்கொண்டிருக்கும். 86400 என்று போட்டிருந்தால் ஒரு முழு நாள். இடையில் சர்வரைப் பத்து முறை அணைத்துப் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எங்கள் அலுவலகத்தில் செய்தது அது ஒன்றுதான்!

இன்னொன்று கேளுங்கள். டிஎன்எஸ் தற்காலிகமாகப் பதில் தராவிட்டால் அனுப்பும் சர்வர் அஞ்சலை உடனே திருப்பிவிடாது. வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். முதல் நாளே கவனித்துச் சரிசெய்திருந்தால் எங்கள் அஞ்சல்கள் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை நாள் அஞ்சல் வரவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பெரிய கம்பெனிக்கே இப்படி ஆகிறது" என்பார்கள். ஆகிறதுதான். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பெயர் சர்வர்களை எல்லாம் ஒரே வலையமைப்பில் வைத்திருந்ததால், ஒரு ரூட்டர் அமைப்புப் பிழையில் அதன் தளங்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் கிடைக்கவில்லை. நீங்கள் இதைப் படிக்கும் இதே முகநூல் 2021 அக்டோபர் 4 அன்று சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது. அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்கு வழி காட்டும் அறிவிப்புகள் நின்றுபோனதே காரணம். ஆனால் என்ன நடந்தது என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள். "நீங்கள் பெயரைத் தப்பாக அடித்திருப்பீர்கள்" என்று நம்மிடம் சொல்லவில்லை.

"இதெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க வேலை, எழுத்தர் என்ன செய்வார்?" என்ற கேள்வியும் வரும். நியாயம்தான். எழுத்தரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. பேருந்து நின்றால் நடத்துநர் எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பஞ்சரா, டீசல் தீர்ந்ததா என்று சொல்ல வேண்டும். பயணிமேல் பழி போடக் கூடாது.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, அலுவலகத்தின் டொமைன் எங்கே பதிவாகியுள்ளது, எப்போது புதுப்பிக்க வேண்டும், எம்எக்ஸ், பிடிஆர் பதிவுகள் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். ஒப்பந்தக்காரர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போனதும் எல்லாம் போய்விடும்.

இரண்டு, பெயர் சர்வர்கள் இரண்டாவது இருக்கட்டும், வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

மூன்று, திரும்பிய அஞ்சலைக் காட்டுபவருக்கு, அவர் அனுப்பிய நாளையே கிடைத்த நாளாகக் கணக்கில் எடுங்கள். உங்கள் கதவு பூட்டியிருந்ததற்கு எங்கள் கோரிக்கை காலாவதியாகக் கூடாது.

நண்பர்களே, திரும்பி வரும் அஞ்சலை அழிக்காதீர்கள். அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். "சர்வர் பிரச்சினை" என்றால், "எந்த சர்வர்? என்ன பிரச்சினை? எப்போதிலிருந்து?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.