நல்ல கையைக் கைவிடுதல்

தமிழ் கற்பிப்பவர்கள் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்று வினவும் நண்பர்களுக்கு ஒரு சொல். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். அந்த 94ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவிட்டு, ஆட்டத்தின் உள்ளே நடப்பது எதுவும் தெரியாததுபோல் நாம் நடிப்பதுதான் பொருந்தாது.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய வீடுகள் சிலவற்றில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபத படம் விரிப்பார்கள். குழந்தைகள் ஏணியில் ஏறிப் பாம்பில் இறங்கிக்கொண்டிருக்க, கூடத்தின் மறுமூலையில் ரம்மி நடக்கும். பணம் இல்லை, புளியங்கொட்டைதான். பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் 101 புள்ளி ஆட்டத்தில் மூவர் மிஞ்சியிருந்தோம். மூவரில் இருவர், மற்றொரு ஜமாவில் தேறிய இருவரோடு இறுதி ஆட்டம் ஆடலாம் என்பது ஏற்பாடு. மற்ற இருவரும் 99 புள்ளியில் நின்றார்கள், நாம் 55இல்.

சீட்டைப் பிரித்தால் இதயத்தில் நான்கு சீட்டு வரிசையாக, ஒட்டில்லாத ரம்மி. ஒரு ஜோக்கர். ராஜாவும் ராணியும் ஜோடி ஜோடியாக. இத்தகைய கையை யார் கீழே வைப்பார்கள்? ஆடினோம். எதிரே இருந்தவர் நான்காம் சுற்றிலேயே ஷோ வைத்தார். நம் கையில் 62 புள்ளி, மொத்தம் 117. தோற்ற இன்னொருவருக்கு 8 புள்ளிதான், 107. இருவரும் ஒருசேர வெளியேறினால் குறைந்த புள்ளிக்காரருக்கே இடம் என்பது அவ்வீட்டு வழக்கம். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமா தலை நிமிராமலே கேட்டார்: "ஏண்டா, ஸ்கூட் விட வேண்டியதுதானே?"

அக்கேள்வியின் நியாயம் விளங்கச் சில நாட்கள் ஆயின. முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, 75இல் நின்றிருப்போம். தோற்பவருக்குக் குறைந்தது 2 புள்ளி உண்டாகையால், 99இல் இருந்த இருவரில் ஒருவர் அந்த ஆட்டத்தோடு வெளியேறியே தீரவேண்டும். ஒன்றுமே செய்யாதிருந்தால் உறுதியாகக் கிடைத்திருக்கும் இடத்தை, நல்ல கை வந்த ஒரே காரணத்தால் இழந்தோம்.

போக்கர் ஆடுவோர் இதனை நன்கறிவர். லாஸ் வேகாஸில் 10,000 டாலர் கட்டணமுள்ள பெரும் போட்டிக்குச் செல்லத் தகுதிப் போட்டிகள் நடத்துவார்கள். பத்து இடம், பதினொருவர் மிச்சம். பதினோராமவரிடம் இரண்டொரு சில்லுகளே எஞ்சியிருக்கின்றன. நம்மிடம் போதிய இருப்பு. கையில் இரண்டு ஏஸ். தொடக்கக் கைகளில் இதற்கு மேல் ஒன்றில்லை. ஏதோ ஒரு கைக்கு எதிராக நூற்றுக்குச் சுமார் 85 முறை வெல்லும். ஆயினும் நமக்கு நிகரான இருப்புள்ள ஒருவர் அத்தனையையும் முன்தள்ளும்போது அந்த ஏஸ்களைக் கீழே வைப்பதே முறை. வென்றாலும் இரண்டு இடம் தரப்போவதில்லை. தோற்றால் இருந்த இடமும் போகும். கையின் வலிமை வேறு, அதனால் பெறக்கூடியது வேறு.

இந்தத் திறனை நீதிமன்றங்கள் மறுக்கவில்லை. செகந்தராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1967இலேயே, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதில் திறன் வேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என்றது உச்ச நீதிமன்றம். தமிழக அரசு 2022இல் இயற்றிய சட்டத்தின் அட்டவணையில் இருந்த ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதே வழியில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறனா வாய்ப்பா என்று பாராமல், பணம் கட்டி இணையத்தில் ஆடுவதையே விலக்கியது. அந்தப் பழைய வினாவை விட்டொழித்தது சரியே என்பது நம் கருத்து. திறன் இல்லை என்பதாலன்று. திறன் உண்டு, அதுதான் ஆளை இருத்திவைத்தது.

ஏகாதசி ஆட்டத்துக்கு விடியல் என்றொரு முடிவு உண்டு. தகுதிப் போட்டிக்குப் பத்து இடம் என்றோர் எல்லை உண்டு. கைப்பேசி ரம்மியில் ஒரு கையை விட்டால் அடுத்த கை அரை நிமிடத்தில் வந்து விழுந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடத்துபவருக்கு ஒரு பங்கு கழிந்தது. பாரதத்தில் தருமன் முதற்சூதில் இழந்தவற்றைத் திருதராட்டிரன் திருப்பித் தந்துவிட்டான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். காட்டுக்கு அனுப்பியது, மறுபடி அழைத்தபோது போய் ஆடிய இரண்டாம் ஆட்டம்.

தியாகராய நகரில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரை அறிவோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்திருந்ததைக் கைப்பேசியில் இழந்தவர். எங்கேனும் அவசரப்பட்டு ஆடியிருப்பார் என்று எண்ணி, நமக்குத் தெரிந்த மாமாவின் பாடத்தை அவருக்குச் சொல்லப்போனோம். அவர் ஒரு நீள நோட்டை எடுத்துவந்து வைத்தார். எந்தக் கையை ஆடினார், எதில் ஸ்கூட் விட்டார், அப்போது யாருக்கு எத்தனை புள்ளி என்று கடைக்கணக்கு எழுதும் அதே கையெழுத்தில் பதிந்திருந்தார். "விட்டதுல தப்பு இருந்தா சொல்லுங்க சார்" என்றார்.

ஒரு ஞாயிறு முழுதும் அமர்ந்து பார்த்தோம். ஏறத்தாழ எல்லாமே சரியாக விடப்பட்டவை.