குழந்தை வார்டில் வெளியூர்க்காரர்

என் தங்கை மகள் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ராசிபுரத்துப் பெண். சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வியட்நாம், கம்போடியா என்று சுற்றக் கிளம்புகிறாள். "சும்மா கோயிலையும் கடலையும் பாத்துட்டு வர மனசில்லைங்க மாமா. சியம் ரீப்புல குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்குது. ரெண்டு வாரம் அங்க ஏதாச்சும் ஒத்தாசை பண்ணலாம்னு இருக்கறன். என்ன பண்ணலாமுங்க?" என்று போனில் கேட்டாள். ஒரு யூனிட் ரத்தம் கொடு சாமி, கொடுத்துவிட்டு அங்கோர் வாட்டைப் போய்ப் பார் என்றேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே சியம் ரீப்பில் அதையே வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. பெயாட் ரிச்னர், சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1974இல் புனோம் பென்னில் காந்தா போபா என்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனவர். அடுத்த ஆண்டே கெமர் ரூஜ் ஆட்சி வந்துவிட, ஊர் திரும்பினார். பிற்பாடு மன்னர் சிஹானூக் கேட்டுக்கொண்டதால் மறுபடி போய், 1992இல் அந்த மருத்துவமனையைத் திறந்தார். 1999இல் சியம் ரீப்பில் இன்னொன்று கட்டினார். மனிதர் செல்லோ நன்றாக வாசிப்பார். அங்கோர் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களைச் சனிக்கிழமை சாயங்காலம் உட்காரவைத்து பாக் எழுதிய இசையை வாசிப்பார். வாசித்து முடித்ததும் வசூல் ஆரம்பம். சின்ன வயசுக்காரர்கள் ரத்தம் கொடுங்கள், வயதானவர்கள் பணம் கொடுங்கள், நடுவயதுக்காரர்கள் இரண்டையும் கொடுங்கள் என்பார். டெங்கு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அந்த ரத்தம் எத்தனை பிள்ளைகளுக்கு ஏறியிருக்கும்!

அவர் கேட்டதைக் கவனியுங்கள். வார்டுக்கு வந்து பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொடுக்க அவர் ஆள் கேட்கவில்லை. அங்கே வைத்தியம் பார்ப்பவர்களும் நர்சுகளும் ஏறக்குறைய எல்லோரும் கம்போடியர்கள். அவர்கள் நோயாளியிடம் கை நீட்டாதபடி குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வைத்தியம் இலவசம். 2018இல் ரிச்னர் இறந்துபோனார். மருத்துவமனைகள் நடக்கின்றன.

ஜெர்மனியில் குழந்தைகளோடு வேலை என்றால், அது சம்பளமில்லாத வேலையானாலும், போலீஸ் சான்று கேட்பார்கள். மருத்துவமனை என்றால் 2020 முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றும் சேர்ந்துகொண்டது. அங்கே இத்தனை கதவைத் தட்டவேண்டியவள், முதுகில் பையோடு கம்போடியாவில் இறங்கினால் நேரே கட்டிலருகே போய்விடலாம் என்று நினைப்பது எப்படி? இந்த நினைப்பை வைத்தே அங்கே ஒரு வியாபாரம் வளர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் வந்து கொஞ்சுவதற்காகவே அனாதை இல்லங்கள் பெருகின. உள்ளே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று 2011இல் அங்கே ஒரு பிரச்சாரமே நடத்த வேண்டியதாயிற்று.

அப்படியானால் வெளியூர்க்காரருக்கு வேலையே கிடையாதா என்று மருமகள் கோபித்துக்கொண்டாள். அவளுக்குக் கொல்லிமலைக் கதையைச் சொன்னேன். அவள் பிறந்த ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலை. இந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து இன்று 70 கொண்டை ஊசி வளைவு. 1913இல் அந்தப் பாதை ஏது? டோலி கட்டித் தூக்கிப்போக வேண்டும். கல்யாணமான கையோடு அப்படி மலையேறியவர் எவலின் பிராண்ட். லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் சொற்ப காலம் வைத்தியப் பாடம் கேட்டுவிட்டு வந்தவர். இருவரும் டாக்டர் இல்லை. போனது மதம் பரப்பத்தான், அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. மலைக்காரர்கள் வருஷக்கணக்கில் கிட்டத்திலேயே அண்டவில்லை. அண்டாதவர்களுக்கும் காய்ச்சலும் புண்ணும் வரத்தானே செய்யும், வைத்தியத்துக்கு மட்டும் வந்துபோனார்கள்.

அந்தக் காலத்தில் மலையை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் புண்ணுள்ள கால் நனையும். புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடித்தவர் காலில் ஒரு வருஷம் கழித்து முழத்துக்கும் மேல் நீளமான புழு தலைகாட்டும். அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படிப் புழுவை இழுத்ததோடு நிற்காமல், கிணற்றுக்குள் கால் இறங்காதபடி சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக்கொடுத்தார். கொத்தனார் புத்தி டாக்டர் புத்தியை முந்திய இடம் அது. இந்தியாவில் இந்தப் புழு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்தான்.

குழந்தைகள் அவர்கள் வாசலுக்கு வந்தது இன்ஃப்ளூயன்சா காலத்தில். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் செத்த கொள்ளைக் காய்ச்சல் அது. அதுவரை இவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபடுக்கையானபோது, தங்கள் பெண் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்கள். அதற்குப் பிறகு கைவிடப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார்கள். தம்பதியின் சொந்த மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திப் பேர் வாங்கினார்.

1929இல் ஜெஸ்ஸி மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். எவலின் ஊர் போய்த் திரும்பி வந்தார். எழுபதை நெருங்கியதும், வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றது மிஷன். அந்த அம்மாள் சரி என்று சொல்லிவிட்டுத் தன் செலவில் மறுபடி மலையேறிவிட்டார். மட்டக்குதிரையில் ஏறி, விழுந்து எலும்பு முறிந்த பின்னும் இரண்டு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, ஊர் ஊராக நடந்தார். 1974இல் 95 வயதில்தான் அது நின்றது. தமிழில் பேசி, தமிழில் ஏச்சு வாங்கி, கழித்த ஐந்து மாமாங்கத்துக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

எல்லோரும் அப்படி இருக்க முடியுமா என்றாள் மருமகள். முடியாது. நான் ஒரு மழைக்காலத்துக்கே தாங்க மாட்டேன். சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவே சிட்டிலிங்கியில் 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கிய ரெஜி, லலிதா தம்பதியும் கேரளத்திலிருந்து வந்த வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் உள்ளூர் மலைவாழ் பெண்களுக்கே செவிலி வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை பிழைப்பது ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருப்பவரால். வந்துபோகிறவருக்கு அந்த நேரத்தில் அங்கே இருக்கத் தோதுப்படாது.

வந்துபோகிறவரால் ஆகிற வேலையை நான் பார்த்தது சேலம் பெரியாஸ்பத்திரியில், பேரனோடு சில நாள் இருக்க நேர்ந்தபோது. கட்டிலுக்கு அடியில் பாயில் பாட்டி; கம்பியில் தூக்குப்போசி; மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்துக் கட்டிய பிஞ்சுக் கையில் டிரிப். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாவிலிருந்து கோழிப்பண்ணை வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண், வயிற்றுப்போக்கு வந்த கைக்குழந்தையோடு. அவளுக்குத் தமிழ் வராது. உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கவேண்டியதை, முழுசாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். அத்தனை உப்பு உள்ளே போனால் மருந்தே பிள்ளைக்கு வினையாகிவிடும். சிஸ்டர் பதறிக் கத்தினார்கள். கத்துவதை மட்டும் அவள் புரிந்துகொண்டாள்.

எதிர்க்கட்டிலில் பேத்தியோடு இருந்தவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எழுந்து வந்து இந்தியில் இரண்டு வார்த்தை கேட்டார். அவளுக்கும் அரைகுறை இந்தி வந்தது. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை வாங்கிவந்து அவள் எதிரிலேயே பாக்கெட்டைக் கலந்து காட்டினார். எத்தனை நாளாகப் போகிறது, எத்தனை தடவை, ஒண்ணுக்குப் போனானா என்று சிஸ்டர் கேட்டதை எல்லாம் கேட்டுச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. பேத்தி டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வாரத்தில் இரண்டு காலை சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் நூல் மில்லிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்யும் வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வார்டுக்கு வருவது நிற்கப்போவதில்லை.

போன வாரம் அவரைப் பார்த்தபோது ஒரு குறை சொன்னார். "இந்தி நான் பாத்துக்கறனுங்க. சில பேரு ஒடியாவைத் தவிர வேற ஒண்ணும் பேசமாட்டேங்கறாங்க. புவனேஸ்வரத்துல படிச்ச பசங்க யாராச்சும் உங்களுக்குத் தெரியுமுங்களா?" இரண்டு பேரைத் தெரியும். ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோதாம். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.