கட்டளையும் கடமையும்

2020-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில், சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கையில் வடசென்னையின் இராயபுரமே முதலிடத்தில் நின்ற காலத்தில், வடசென்னை ஜனங்கள் கட்டுப்பாட்டை மதியாதவர்கள் என்றும், ஆகையினாலேயே அங்கே நோய் பெருகிற்று என்றும் ஓர் அபிப்பிராயம் நகரெங்கும் பரவிற்று. அந்நாளில் அம்மக்கள் காட்டிய கோபமும் முணுமுணுப்பும் அந்த அபிப்பிராயத்துக்குச் சாட்சியங்களாகக் கொள்ளப்பட்டன. காரண காரியங்களை நிதானமாக ஆராய்ந்தால், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதும், அந்த நியாயத்துக்குச் செவி சாய்த்திருந்தால் நோயின் வேகமே ஓரளவு தணிந்திருக்கும் என்பதும் விளங்கும்.

வீட்டிலேயே இருங்கள், நோய்க்குறி கண்டவர் தனியறையில் தங்குங்கள், அடிக்கடி கை கழுவுங்கள் என்பன சர்க்கார் இட்ட கட்டளைகள். தனியறையும், குழாயில் இடையறாது வரும் நீரும், சில மாதங்களுக்கேனும் போதிய சேமிப்பும் உள்ள குடும்பத்துக்கு இவை அசௌகரியமே தவிர ஆபத்து அல்ல. ஆனால் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும், சுவரோடு சுவர் ஒட்டிய ஓரறை வீட்டில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழ்ந்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று, தண்ணீர் லாரி வந்த ஓசை கேட்டதும் குடங்களோடு ஓடுகிற ஜனங்கள், அதே கட்டளைகளை எவ்வாறு நிறைவேற்றுவது? அவர்களுக்கு வீடே கூட்டமாக இருந்தது. வீட்டுக்குள் அடைபடுவது என்பதே கூட்டத்துக்குள் அடைபடுவதாயிற்று.

ஜீவனத்தின் நிலையோ இதனினும் கடினம். மார்ச் மாத இறுதியில் ஊரடங்கினால் கரையில் கட்டப்பட்ட விசைப்படகுகள், ஏப்ரல் 15-இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டதால், கரையிலேயே நின்றன. 61 நாள் தடையை அவ்வாண்டு மே 31-உடன் முடித்துக்கொள்ள மத்திய அரசு இசைந்தது உபகாரமே எனினும், படகில் செல்வோர் மட்டுமின்றி, ஐஸ் உடைப்போரும், ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களும் இரண்டு மாதங்களுக்கு மேல் அன்றாட வருமானத்தை இழந்தார்கள். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் அத்தியாவசியப் பணிகள் என்று இயங்க, அவற்றில் உழைத்தவர்கள் நோய்க்கு நடுவே வேலைக்குப் போய் அதே ஓரறை வீடுகளுக்குத் திரும்பினார்கள். அரிசி அட்டைக்கு வழங்கப்பட்ட 1,000 ரூபாய், கூலி நின்றுபோன ஒரு குடும்பத்தை எத்தனை நாள் தாங்கும்?

கட்டுப்பாடே கூட்டத்தை உண்டாக்கிய சந்தர்ப்பமும் உண்டு. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று இரண்டே நாள் முன்னதாக அறிவிக்கப்பட்டதும், 25-ஆம் தேதி நகரின் கடைத்தெருக்களும் கோயம்பேடு சந்தையும் ஜனத்திரளால் நிரம்பி வழிந்தன. அடுத்த சில நாட்களில் கோயம்பேடு ஒரு பெரும் தொற்று மையமாகக் கண்டறியப்பட்டு, மே 5-இல் மூடப்பட்டது. நோய் கண்ட தெருக்களைத் தகரம் அடித்து அடைத்த முறையும் அத்தகையதே. உள்ளே இருப்பவருக்குப் பாலும் அரிசியும் மருந்தும் எவர் மூலம், எப்போது வரும் என்பது நிச்சயமாகாமல் தகரம் மட்டும் வந்து நின்ற இடங்களில், காய்ச்சலை மறைத்துக்கொள்ளும் எண்ணம் மனிதனுக்குத் தோன்றுவது சுபாவமே. மறைக்கப்பட்ட நோய், தகரத்தைத் தாண்டிப் பரவிற்று.

அவ்வாண்டு ஜூலையில் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வு இவ்விஷயத்தைத் தெளிவாக்கிற்று. சென்னை முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் வந்து போன அடையாளம் இருக்க, இராயபுரத்தில் மூன்றில் ஒருவருக்கும், தண்டையார்பேட்டையில் பத்தில் நால்வருக்கு மேலும் அது காணப்பட்டது. நெருக்கம் மிகுந்த இடத்தில் நோய் மிகுந்தது. அதே ஜூலையில் கோடம்பாக்கம், அண்ணாநகர் மண்டலங்கள் எண்ணிக்கையில் முன்னே வந்தபோது அவ்வூர்களின் ஒழுக்கத்தை எவரும் குறை கூறவில்லை, கூறாதது சரியே, அதே நியாயம் இராயபுரத்துக்கும் உரியதாக இருந்தது. தெருமுனைகளில் காய்ச்சல் முகாம்கள் கூடி, களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்த பின்னரே நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது சாத்தியமாயிற்று.

கட்டுப்பாடே வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. 2021 மே மாதம் சென்னையில் நாளொன்றுக்கு 7,000-க்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகி, பிராணவாயுப் படுக்கைக்காக ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளின் வாயிலில் உறவினர் தவித்த நாட்களைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். ஆனால், நாம் கையாண்ட தொற்றுநோய்ச் சட்டம், பம்பாய்ப் பிளேக்கை முன்னிட்டு 1897-இல் அந்நிய ஆட்சி இயற்றியது. ஜனங்களைத் தடுக்கவும் தண்டிக்கவும் அது அதிகாரம் தந்தது. தடுக்கப்பட்டவருக்கு உணவும் கூலியும் அளிப்பதைச் சர்க்காரின் கட்டாயக் கடமையாக அது விதிக்கவில்லை. ஊரடங்கை மீறியதாகத் தமிழகத்தில் பதிவான வழக்குகளுள் ஏறத்தாழ 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவிக்க நேர்ந்தது, அந்தத் தண்டனை முறையின் பயனின்மைக்குப் போதிய சான்று.

இதற்கு மாறான ஒரு மரபும் நமக்கு உண்டு. 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய்த் தடுப்பையும், குடிநீர், கழிவுநீர், கழிப்பிட வசதிகளையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, அவற்றில் உள்ளாட்சிக்குப் பொறுப்பு உண்டென்று கருதிற்று. அந்தக் கருத்தை இன்று விரிவாக்குவதே விவேகம். ஒரு தெருவை அடைக்க உத்தரவிடும் அதிகாரி, அதே உத்தரவில் அத்தெருவாசிகளின் உணவுக்கும் நீருக்கும் இழந்த கூலிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றும், தனியறை இல்லாதவருக்கு அருகிலேயே தங்குமிடம் தரவேண்டும் என்றும் சட்டத்தைத் திருத்த வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் சட்டமன்றம் செய்து முடிக்க வேண்டிய காரியம் இது. கட்டளைக்கும் கடமைக்கும் சமமான இடம் தரும் சட்டமே, எண்ணூர் முதல் இராயபுரம் வரை உள்ள உழைக்கும் ஜனங்களிடம் ஒத்துழைப்பைக் கேட்கும் உரிமையை ஆட்சிக்கு அளிக்கும்.