கிழ ஆட்டுக்குப் பனி தாங்குமா?



ஊட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்கள் ஆட்டுக்கு ஒன்பது வயசாகிறது. குட்டி போடுவது நின்றுவிட்டது. என் மகள் நடை பழகியதே அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான். 'இந்தப் பனியை இது தாண்டாது, இப்பவே கொடுத்துட்டா நாலு காசாவது வரும்' என்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. ராத்திரியில் கொட்டிலுக்குள் கரியடுப்பு வைத்தால் பிழைக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கரியடுப்பு கூடவே கூடாது! மூடிய இடத்தில் கரி கனன்றால் விஷ வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைக்குச் சுற்றுலா வந்து, அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதேதான். போதாததற்குக் காய்ந்த புல்லில் ஒரு பொறி பட்டால் கொட்டிலே போய்விடும். பெரிய பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடுவதிலும் இந்த ஆபத்து உண்டு.

"பின்னே எப்படித்தான் குளிர் காய வைப்பது?" என்கிறீர்களா? ஆட்டின் அடுப்பு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. எருக்குழியில் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும் இல்லையா? அதுபோல, தின்ற தழையும் புல்லும் ஆட்டின் பெரிய இரைப்பையில் நொதிக்கும்போது சூடு உண்டாகிறது. நார் நிறைந்த காய்ந்த தீவனம் மெல்ல மெல்ல நொதித்து ராத்திரி முழுக்கச் சூடு தரும். ஆகவே சாயங்காலம் வயிறு நிறையத் தின்ற ஆடு பாதிக் குளிரை ஜெயித்த மாதிரி.

கிழ ஆட்டுக்குச் சங்கடம் வருவது இங்கேதான். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த் தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. நாலு வயசுவாக்கில் எட்டும் முளைத்துவிடும். பிறகு தேய்ந்து, ஆடி, ஒவ்வொன்றாக விழும். கடைவாய்ப் பற்களும் தேயும். பாவம், பசி இருக்கும், மெல்ல முடியாது. பாதி மென்ற உருண்டை தொட்டியடியில் விழுந்து கிடந்தால் பல் போய்விட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். காய்ந்த புல்லையும் கடலைக்கொடியையும் ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி, வெந்நீர் தெளித்துக் கொஞ்சம் ஊறவிட்டுக் கொடுங்கள். தனியாகக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் இளசுகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும்.

ஊறவைத்த புண்ணாக்கும் தவிடும் கொடுக்கலாம். ஆனால் திடீரென்று அள்ளிப் போடாதீர்கள். ஒரு பிடியில் ஆரம்பித்து, பத்து நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். மீந்த சோறு, புளித்த இட்லி மாவு, கல்யாண வீட்டுச் சாதம் எதுவும் வேண்டாம். இரக்கப்பட்டு வைக்கும் அந்த ஒரு குண்டான் சோறே வயிற்றில் புளித்து ஆட்டைக் கொன்றுவிடும்.

தண்ணீர் ஜில்லென்று இருந்தால் ஆடு குடிக்காது. குடிக்காவிட்டால் தின்னாது. காலையும் மாலையும் கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள்.

அடுத்தது படுக்கை. சிமெண்டுத் தரை ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காய்ந்த புல்லோ மரச்சீவலோ அரையடி உயரத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு நிமிஷம் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். புடவை ஈரமானால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பரண் கொட்டிலாக இருந்தால் அடியிலிருந்து காற்று ஏறும். ஆடு படுக்கும் இடத்தில் பலகை போட்டு, அதன்மேல் சாக்கும் புல்லும் பரப்பலாம்.

ஆடு படுத்திருக்கும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது. கோணிப்பையோ தட்டியோ கட்டி மறையுங்கள். அதற்காக மேலே கூரையோரம் இருக்கும் திறப்பையும் அடைத்துவிடாதீர்கள். மூத்திர நெடி தேங்கினால் நுரையீரல் கெட்டு, குளிரைவிட வேகமாக ஆட்டைப் படுக்க வைக்கும். காலையில் உள்ளே போனதும் உங்கள் கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

முதுகில் சாக்குப் போர்வை கட்டலாம். நனைந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். ஈரச் சாக்கு போர்வையே இல்லாததைவிட மோசம். உறைபனி கரைந்து வெயில் ஏறிய பிறகு அவிழ்த்துவிட்டு, ஆட்டை வெயிலில் நிறுத்துங்கள். விறைத்த கால்கள் இளகும். அப்போது முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். குளிர்கால ரோமம் மெலிவை மறைத்துவிடும், கை ஏமாறாது. எலும்பு கத்தி மாதிரி துருத்தினாலோ, கீழிமையின் உட்புறம் வெளுத்திருந்தாலோ குடற்புழுவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி மருந்து கொடுங்கள்.

ஆட்டின் உடம்புச் சூடு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது சகஜம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனித் தெர்மாமீட்டர் வையுங்கள், குழந்தையுடையதை எடுத்துவிடாதீர்கள்! 100க்குக் கீழே இறங்கினாலோ, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லிட்டாலோ, ஆடு எழுந்திருக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோரம் வைத்துவிட்டு, 1962க்குப் போன் செய்யுங்கள். அரசுக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. தலை தூக்க முடியாத ஆட்டின் வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மாமியார் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எத்தனையோ பனியைப் பார்த்தவர், சும்மா சொல்லியிருக்க மாட்டார். அவரையே கூப்பிட்டு முதுகைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நாள் இப்படிக் கவனித்த பிறகு இன்னொரு தரம் தடவச் சொல்லுங்கள். சதை பிடித்து, ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தால் அவரே கயிற்றை விட மாட்டார். ஒருவேளை தின்னாமல், எழுந்திருக்காமல் வதைபட்டு, டாக்டரும் கைவிரித்துவிட்டால், அதை மேலும் இழுத்தடிக்காமல் அவர் சொல்படி அமைதியாகப் போகவிடுவதும் அன்புதான். ஆனால் நறுக்கிய புல்லும் உலர்ந்த படுக்கையும் கொடுத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள், சகோதரி.